ஆடி முடிய

குறித்த நாளுக்கு முன்பு எதையும் திருப்பிக் கொடுக்காதவர். குறித்த நாளுக்குப் பின்பு எதையும் வைத்துக்கொள்ளாதவர். எங்கள் காம்பவுண்டின் கடைசி வீட்டில் குடியிருந்த அத்தையை ஒரே வாக்கியத்தில் அறிமுகப்படுத்தச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு, ஒரு வாக்கியம் அவருக்குப் போதாது என்று கூறி, மேலும் பேச அனுமதி கேட்பேன்.

பேச்சு எனக்குப் பள்ளி நாளிலிருந்தே பழகிய கலை. அதில் எனக்குப் பெருமையுண்டு; அந்தப் பெருமையை மறைத்துக்கொள்ளும் அடக்கம்தான் இல்லை. மேடையேறியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விதி ஒன்று உண்டு. மணி அடிக்கும்வரை மேடை பேசுகிறவருடையது. நடுவரே ஆனாலும் குறுக்கே வர முடியாது. மணி அடித்த பிறகோ, ஒரு சொல் மிகுந்தாலும் அது அடுத்தவரிடமிருந்து எடுத்தது. இந்த விதியின் முதல் பாதியைப் பேச்சாளர்கள் எல்லோரும் உரக்கச் சொல்வோம். இரண்டாம் பாதியை வசதியாக மறப்போம். எந்த மேடையும் ஏறாத அத்தை இரண்டு பாதிகளையும் ஒன்றுபோல மதித்தார்.

பழனிசெட்டிபட்டியில் இருந்தது அந்தக் காம்பவுண்டு. ஓர் இரும்புக் கேட், உள்ளே நீளமான முற்றம், முற்றத்தின் ஒரு பக்கமாக வரிசையாக வீடுகள். கேட்டை ஒட்டிய மாடி வீட்டில் வீட்டுக்காரர் இருந்தார். கடைசி வீட்டில் அத்தை; அதற்கு முந்தியது எங்களுடையது. அவர் எங்களுக்கு உறவில்லை. அம்மா அவரை "மதினி" என்று அழைத்தார். ஆகவே எனக்கு அத்தையானார். அக்கம்பக்கத்து உறவுகள் எங்கள் ஊரில் அப்படித்தான் உண்டாகின்றன.

அவருடைய குணத்தை முதன்முதலில் நான் கண்டது ஓர் இட்லிக் கொப்பரையின் பொருட்டு. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லி அம்மாவிடம் அதை வாங்கிப் போயிருந்தார். வியாழன் மாலை என் மாமா குடும்பத்தோடு வந்து நின்றார். அம்மா ஓடிப்போய்க் கேட்டார்.

"மதினி, அந்தக் கொப்பரையக் குடுங்க. எங்க அண்ணன் வீட்டுல இருந்து திடீர்னு வந்துருக்காக."

"வெள்ளிக்கிழமைன்னுல சொன்னேன்?"

"ஆமா. இப்ப வேணுமே."

"இன்னைக்கு வியாழக்கிழமை. இன்னைக்கு அது எங்க வீட்டுக் கொப்பரை. எரவலாக் கேளுங்க, தாராளமாத் தர்றேன்."

அம்மா திகைத்தார், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் கொப்பரையைத் தானே இரவல் கேட்டு வாங்கி வந்தார். விருந்து முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் பொழுது விடியும்போதே அத்தை அதைப் புளி போட்டுத் தேய்த்து, கண் கூசும்படி பளபளப்பாக்கி, எங்கள் வாசலில் நின்றார். "இந்தாங்க மதினி, உங்க கொப்பரை." அதன் பிறகு ஒருநாள் கூட அது தன் கையில் இருந்த பாத்திரம் என்ற உரிமையை அவர் காட்டியதில்லை. அடுத்த முறை தேவைப்பட்டபோது, முன்பின் அறியாதவரைப் போல் தயங்கிக் கேட்டார்.

இதைப் பிடிவாதம் என்று சிலர் சொன்னார்கள். நான் மறுக்கிறேன். பிடிவாதம் தனக்கு நன்மை வரும் திசையில் மட்டும் நிற்கும். அத்தையுடையது தனக்குக் கெடுதல் வரும் திசையிலும் நின்றது.

அவர் தொழிலே அப்படிப்பட்டது. சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்திவந்தார். விடியலில் கம்பம் பேருந்தைப் பிடித்தால் பொழுது சாயத்தான் திரும்புவார். புடவையில் பூச்சிமருந்து வாசனையும் பழ வாசனையும் கலந்து வரும். ஒரு விடுமுறை நாளில் நானும் கூடப் போனேன். பந்தலுக்கடியில் குனிந்து நடக்க வேண்டும். தலைக்கு மேல் கறுத்துத் தொங்கும் கொத்துகள் நெற்றியில் இடிக்கும். குருவி கொத்தாமலிருக்கப் பந்தலின் விளிம்பெல்லாம் வலை கட்டியிருந்தார். நாங்கள் போன சிறிது நேரத்தில் தோட்டத்தின் உடைமைக்காரர், பக்கத்து அருவியைப் பார்க்க வந்த தன் உறவினர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வலையைத் தூக்கிவிட்டு ஒரு கொத்தைப் பறிக்கக் கை நீட்டினார்.

"அண்ணே, பறிக்காதீக."

"என்னத்தா? என் தோட்டத்துல நான் ஒரு கொத்துப் பறிக்கக் கூடாதா?"

"கொடி உங்களுது. இந்தக் காய்ப்பு என்னுது. எம்புட்டு வேணும்னு சொல்லுங்க, நான் பறிச்சுத் தர்றேன்."

வந்தவர்கள் முகம் சுருங்கியது. அத்தை அதைக் கவனித்ததாகவே காட்டவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, இருப்பதிலேயே நன்றாகப் பழுத்த கொத்துகளாகத் தேர்ந்து, ஒரு கூடை நிறைய வெட்டி அவர்கள் கையில் கொடுத்தார். அவர்கள் எடுத்துப் போயிருக்கக் கூடியதைப்போல் பல மடங்கு அது. "கேட்டா இம்புட்டு. கேக்காட்டி ஒரு பழமும் இல்ல," என்று என்னிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்தக் குத்தகை முடிந்த நாளில் நடந்ததை அவரே பிற்பாடு சொன்னார். தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் சில வரிசைகள் பிந்திக் காய்த்திருந்தன. இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டால் வெட்டிவிடலாம். உடைமைக்காரரும் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டார். அத்தை அவற்றை அப்படியே கொடியில் விட்டுவிட்டு, வலையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். "கேட்டிருக்கலாமே அத்தை?" என்றேன். "கேட்டா குடுத்திருப்பாக. ஆனா அது குத்தகையில வராது, தானத்துல வரும். எனக்கு எதுக்குத் தாயி தானம்?"

இந்தக் குணத்தின் மற்றொரு முகத்தை அவர் மகள் எனக்குச் சொன்னாள். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். என்னைவிடச் சில வயது மூத்தவள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள்.

"கல்யாணமாகி மொத தடவ வந்தப்ப எனக்குக் காய்ச்சல். ஞாயித்துக்கிழமை அனுப்பிருவேன்னு எங்க மாமியாகிட்ட எங்கம்மா சொல்லிருச்சு. அம்புட்டுத்தான். ஞாயித்துக்கிழமை காய்ச்சலோட பஸ் ஏத்திருச்சு."

"தனியாவா?"

"அதெப்படி? அதுவும் கூட வந்துச்சு. திருப்பூர் வரைக்கும் என் தலைய மடியில வச்சு, ஈரத்துணி போட்டுக்கிட்டே வந்துச்சு. ஆனா ஒரு நாள் தள்ளிப் போடணும்னு அதுக்குத் தோணவே இல்ல பாரு."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு முன்பைவிடச் சிறிதாகியிருந்தது.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த வருடம், அந்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அதே வருடம்தான் அத்தை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. இதில் முதலில் எந்தச் சண்டையும் இல்லை. ஆவணியில் பால் காய்ச்சிக் குடிவந்தவர் அவர்; ஆடி முடிய வீடு அவருடையது என்பது பேச்சு, எழுத்திலும் அதுவே. "இந்த வருசத்தோட விட்டுருத்தா, வேற ஆளுக்குச் சொல்லிருக்கேன்," என்று வீட்டுக்காரர் சித்திரையிலேயே சொல்ல, "ஆடி முடியக் காலி பண்ணிர்றேண்ணே," என்று அத்தை மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்காரர் கெட்டவரல்லர். காம்பவுண்டில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் தன் வண்டியை எடுத்து வருவார். ஆனால் அவர் ஒரு தவறு செய்தார். ஆடி மாதத்துக்கு அஞ்சுகிற எங்கள் ஊரில் மட்டுமே செய்யக்கூடிய தவறு. புதிதாக வரப்போகும் குடும்பத்துக்கு ஆனிக் கடைசியில் ஒரு முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டார். ஆடியில் யாரும் குடிபுக மாட்டார்கள். ஆகவே ஆடியில் வீட்டுக்கு ஆள் மாறாது. ஆகவே ஆனியோடு அத்தையின் காலம் முடிந்ததாகத்தான் கொள்ள வேண்டும். அவர் மனத்தில் ஓடிய தர்க்கம் இது. தர்க்கம் பயின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: அதில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கே சற்று நேரம் பிடித்தது. அத்தைக்கு அந்த நேரமும் பிடிக்கவில்லை.

குழாயடியில் நாங்கள் எல்லோரும் இருந்தபோது வீட்டுக்காரர் அதைச் சொன்னார்.

"ஏத்தா, ஆடியில எவன் வீடு மாத்துவான்? ஆனியோட முடிச்சுக்கிருவோம். நல்ல நாளும் பாத்துட்டாக."

"ஆடியில வீடு மாத்த மாட்டாக, சரிண்ணே. வீட்டுக்குள்ள குடியும் இருக்க மாட்டாகளா?"

குழாயடி முழுவதும் சிரித்தது. வீட்டுக்காரருக்கு முகம் கறுத்தது. அத்தை குரலைத் தாழ்த்தி, விளக்கமாகவே சொன்னார்.

"நெறமாசப் புள்ள உள்ள படுத்துருக்கா. அலையக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காக. வயித்துப்புள்ளக்காரி இருக்கற வீட்டச் சட்டி பானையோட தூக்குவாகளா? உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. ஆடி முடியன்னா ஆடி முடியத்தாண்ணே."

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கொடுத்த வாக்கு ஒருபுறமும் பார்த்த முகூர்த்தம் மறுபுறமும் நெருக்க, அந்த மனிதர் தன் எல்லையைத் தாண்டத் தொடங்கினார்.

முதலில் சாவி. மகள் உறங்கட்டும் என்று வெளியே பூட்டி, சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு அத்தை தோட்டத்துக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில், தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் பூட்டைத் திறந்து, புதுக் குடும்பத்தின் ஆண்களை உள்ளே அழைத்துப் போனார். பாயில் உறங்கிக்கொண்டிருந்த மகள் விழித்துப் பார்த்தால், தலைமாட்டில் முகம் தெரியாத ஒருவர் டேப்பை நீட்டிச் சுவரை அளந்துகொண்டிருக்கிறார். "பீரோ இங்கன சரியா ஒக்காந்துரும்," என்கிறார். அவள் அலறிய அலறலில் அம்மாவும் நானும் ஓடினோம். பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தவளுக்கு அம்மா தண்ணீர் கொடுத்தார். மாலையில் திரும்பிய அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். யாரையும் ஏசவில்லை. கடைவீதிக்கு நடந்துபோய் ஒரு புதிய பூட்டு வாங்கிவந்து மாட்டினார்.

"அதெப்படி எனக்குச் சாவி இல்லாத பூட்டப் போடுவ?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"ஆடி முடியவும் இந்தப் பூட்டையும் சேத்துத் தந்துர்றேண்ணே. நீங்களே வச்சுக்கங்க."

அடுத்தது தண்ணீர். மற்ற வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் வர, கடைசி வீட்டுத் தொட்டி மட்டும் காய்ந்தது. அந்த இடத்தில் நான் பேசினேன். முற்றத்தின் நடுவில் நின்று, வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கும்வரை காத்திருந்து பேசினேன். குடியிருப்பவருக்குத் தண்ணீரை நிறுத்தி அவரை வெளியேற்ற முயல்வதைச் சட்டம் தடுத்திருக்கிறது என்றேன். முன்னறிவிப்பின்றிக் குடியிருப்பவர் வீட்டுக்குள் நுழைவதையும் தடுத்திருக்கிறது என்றேன். வீடு உங்கள் உடைமை. ஆனால் அதில் வாழும் உரிமையைக் காலவரையறையோடு நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். கொடுத்ததைக் காலம் முடியுமுன் பறிப்பது உரிமையன்று, அத்துமீறல் என்றேன்.

"ஏ புள்ள, இது ஒங்க காலேசு மேடையில்ல," என்றார் வீட்டுக்காரர். "மைக்கு இல்லாமலே இம்புட்டுச் சத்தமா?"

"மைக்கு வேணும்னா பெரியகுளத்துல சப்-கலெக்டர் ஆபீசுல இருக்கும் மாமா. அங்கன போய்ப் பேசிக்கிறேன்."

சொன்னபடி போனோம். மனுவை நான்தான் எழுதினேன். பேருந்தில் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். என் குரல் இயல்பிலேயே கடைசி இருக்கைவரை கேட்கும் குரல். முன்னிருக்கையில் இருந்தவர் திரும்பி, "எந்த ஊரு வீட்டுக்காரருத்தா அது?" என்று கேட்டார். அத்தை உடனே, "நல்ல மனுசந்தாண்ணே. மாசம் பாக்கத் தெரியல, அம்புட்டுத்தான்," என்றார். மனு கொடுத்த மறுநாள் மாலை தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. என் பேச்சு எத்தனையோ கைதட்டல்களைக் கேட்டிருக்கிறது. அந்த ஓசைக்கு ஈடாக எதையும் கேட்டதில்லை.

ஆனால் முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலையில் தச்சர் ஒருவர் வந்து, வார்னீஷ் அடிக்க வேண்டும் என்று கடைசி வீட்டின் முன்கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்காரர் அனுப்பிய ஆள். கதவு இல்லாத நிலைவாசலுக்கு உள்ளே, பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பெண். அம்மா கொதித்தார். "போலீசுக்குப் போவோம் மதினி," என்றார். அத்தை அன்று தோட்டத்துக்குப் போகவில்லை. பரணிலிருந்து திராட்சைப் பந்தலுக்குக் கட்டும் வலையை இறக்கினார். நான்காக மடித்து, நிலையின் இரு பக்கமும் ஆணியடித்து, இழுத்துக் கட்டினார். பிறகு வலைக்கு உட்புறம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "இது என்னத்தா?"

"குருவிக்குக் கட்டுறதுண்ணே. கொத்திட்டுப் போயிரக் கூடாதுல்ல."

அவர் திரும்பி மாடியேறிவிட்டார். அன்று முதல் அத்தை வெளியே போனால் என் அம்மாவோ, முன்வீட்டுப் பெண்களில் ஒருவரோ அந்த நாற்காலியில் இருந்தார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. கீரை ஆய்வதற்கு அந்த இடம் வசதி என்பது போல, ஒவ்வொருவராக முறத்தோடு போய் உட்கார்ந்தார்கள்.

முகூர்த்த நாளும் வந்தது. காலை வெயில் கேட்டைத் தொடும் நேரத்தில், வீட்டுக்காரர் முன்னால் நடக்க, புதுக் குடும்பம் வந்தது. கணவர் கையில் ஒற்றை அடுப்பு. மனைவி கையில் மஞ்சள் தடவிய பித்தளைப் பாத்திரத்தில் பால். பின்னால் ஒரு மூதாட்டி சாமி படத்தோடு. எல்லோரும் புத்தாடை உடுத்தியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் பால் காய்ச்சியவர் அந்த வீட்டுக்குக் குடிவந்தவர். சாமான்கள் பிறகு வரலாம். ஆள்கூடப் பிறகு வரலாம். பால் பொங்கிய கணத்தில் வீடு கைமாறிவிடுகிறது. அதன் பிறகு உள்ளே இருப்பவர், காகிதம் என்ன சொன்னாலும், இன்னொருவர் வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவர். இது வீட்டுக்காரருக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும்.

"சும்மா பால மட்டும் காச்சிட்டுப் போயிருவாகத்தா," என்றார் வீட்டுக்காரர், வலைக்கு வெளியே நின்று. "நீ பாட்டுக்கு இரு. நல்ல நேரம் போகுது."

நான் என் வீட்டு வாசலில், பேச வேண்டியதையெல்லாம் தயாராக்கிக்கொண்டு நின்றேன். உள்ளே மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது வலையின் வழியே தெரிந்தது. அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தார். வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. பாலை ஏந்தி நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"எந்தூருத்தா?"

"உத்தமபாளையம்க்கா. இப்ப இங்க தேனியில வாடகைக்கு இருக்கோம்."

"அந்த வீட்டுல எதுவரைக்கும் பேச்சு?"

அந்தப் பெண் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ஆவணி வரைக்கும்க்கா. அந்த வீட்டுக்காரரு ஆனிக்குள்ள போயிருங்கன்னுட்டாக. அவுக மகன் வெளிநாட்டுல இருந்து வர்றாகளாம். இங்கயும் இல்லன்னா ஆடியில நாங்க எங்கன போறது?"

அத்தை ஆணிகளில் ஒன்றைப் பிடுங்கி, வலையின் ஒரு பக்கத்தை அவிழ்த்தார். வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. நான் ஒரு கணம் பதறினேன்.

"வாங்க எல்லாரும். விருந்தாளியா வந்துருக்கீக, வாசல்ல நிக்கக் கூடாது." அந்தப் பெண்ணின் கையிலிருந்த பாத்திரத்தை அத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "குடு தாயி. அந்த அடுப்ப எதுக்குண்ணே சொமக்குறீக? கீழ வைங்க. எங்க வீட்டுல அடுப்பு எரியுது."

அவர் உள்ளே போனார். தன் அடுப்பில், தன் கையால், அந்தப் பாலைக் காய்ச்சினார். பொங்குமுன் இறக்கினார். டிகாக்‌ஷனை ஊற்றிச் சீனி போட்டு ஆற்றி, வந்தவர் ஒவ்வொருவருக்கும் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். மூதாட்டியைக் கட்டிலில் உட்காரவைத்தார். கடைசி டம்ளரை வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"குடிங்கண்ணே. எங்க வீட்டுல நீங்க ஒரு நாளும் ஒரு வாய் காப்பி குடிச்சதில்ல."

அவர் அதை வாங்காமல் இருந்திருக்கலாம். வாங்கினார். குடிக்கக் குடிக்க அவருக்குப் புரிந்தது. ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அவர் கொடுத்ததைக் குடித்துவிட்டு, அந்த வீட்டை அவரிடமிருந்து அன்றைக்கே எடுத்துக்கொள்ள எங்கள் மண்ணில் எவருக்கும் வாய் வராது. நான் தயாராக்கி வைத்திருந்த சொற்களுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

"உனக்கு ஆவணி வரைக்கும் பேச்சுன்னா ஆவணி வரைக்கும் இரு," என்றார் அத்தை அந்தப் பெண்ணிடம், காலி டம்ளரை வாங்கிக்கொண்டே. "அந்த வீட்டுக்காரரு உன்னைய வெரட்டுனா நீ என்னைய வெரட்டுவியா? நாளைக்கு இன்னொருத்தி உன்னைய வெரட்டுவா. இந்தா நிக்கிறால்ல இந்தப் புள்ள, இவளக் கூட்டிட்டுப் போ. நல்லாப் பேசுவா."

நான் போனேன், பேசினேன், அந்தக் குடும்பம் ஆவணிவரை தன் வீட்டிலேயே இருந்தது. இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன். அன்று மாலையே கடைசி வீட்டுக் கதவு திரும்பி வந்தது. வார்னீஷ் அடிக்கப்படவே இல்லை.

ஆடியில் அத்தைக்குப் பேத்தி பிறந்தாள். மருத்துவமனையிலிருந்து குழந்தையை அந்த வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். கூரைக் கொக்கியில் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கினார்கள். வீட்டுக்காரரின் மனைவி பச்சை உடம்புக்காரிக்கு மருந்துக் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினார். வீட்டுக்காரர் படியில் நின்று, "புள்ள யாரு சாடை?" என்று கேட்டுவிட்டுப் போவார். எல்லாம் இனிதாகிவிட்டது. எனவே, இனி அத்தை ஆவணியில் நல்ல நாள் பார்த்து நிதானமாகப் போவார் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஆடியின் கடைசி நாளில் கேட்டருகே ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது.

"மதினி, உங்களுக்கு என்ன கிறுக்கா?" என்றார் அம்மா. "பச்சப் புள்ளய வச்சுக்கிட்டு ஆடியில எறங்குவீகளா? விடிஞ்சா ஆவணி."

"விடிஞ்சா இந்த வீடு என்னுது இல்ல மதினி."

வீட்டுக்காரரே இறங்கி வந்தார். அந்தக் கெஞ்சலை நான் எதிர்பார்க்கவில்லை. "ஒரு நாள் பொறுத்தாத்தான் என்னத்தா? ஒரு வாரம் இரு. பத்து நாள் இரு. நானா சொல்றேன். அவுக ஆவணி கடைசியிலதான் வர்றாக."

"நீங்க சொல்லுவீகண்ணே. மனசு இருக்கு. ஆனா நான் சொன்னது ஆடி முடிய."

மகள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் தாயைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்பதை இன்றுவரை என்னால் வகைப்படுத்த முடியவில்லை. ஆனியில் அவளைக் காத்து நின்றது எதுவோ, அதுவேதான் ஆடியில் அவளை வண்டியேற்றியது. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்க நான் அன்று முழுவதும் முயன்றேன். எந்தப் பக்கம் நின்று பேசுவதென்று தெரியாமல் நான் வாய்மூடி நின்ற நாள் அது ஒன்றே.

பிற்பகலுக்குள் சாமான்கள் ஏறிவிட்டன. அத்தை வீட்டைக் கூட்டினார், கழுவினார், வலைக்காக அடித்திருந்த ஆணிகளின் துளைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தார். முற்றத்துக்கு வந்து, பூட்டையும் சாவியையும் வீட்டுக்காரர் கையில் வைத்தார். சுருளிப்பட்டியில் ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னார். எங்கள் எல்லோரிடமும் விடைபெற்றார். மகளும் குழந்தையும் ஆட்டோவில் ஏறினார்கள். வீட்டுக்காரர் உள்ளே போய், வெறுமையாகிவிட்ட அந்த அறையின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோ கிளம்பும் நேரத்தில் குழந்தை அழுதது. அப்போதுதான் அத்தைக்கு நினைவு வந்தது. தொட்டில் சேலையை அவிழ்க்கவே இல்லை. வேகமாக முற்றத்தைக் கடந்து திரும்பி வந்தார். கதவு அகலத் திறந்து கிடந்தது. சேலை கொக்கியில் தொங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. நான்கு எட்டு வைத்தால் கைக்கு எட்டும். அத்தை நிலைப்படிக்கு இப்பால், செருப்போடு, நின்றுவிட்டார்.

"அண்ணே."

வீட்டுக்காரர் திரும்பினார்.

"தொட்டில் சேல அங்கன தொங்குது. உள்ள வரலாமாண்ணே?"

"இது என்னத்தா கேள்வி? உன் வீட்டுக்குள்ள வர்றதுக்கு..."

தெருவில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அத்தை காத்துக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவுமில்லை, எட்டிப் பார்க்கவுமில்லை. வீட்டுக்காரர் கையிலிருந்த பூட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு எட்டு முன்னால் வந்து, அந்தக் காம்பவுண்டில் யாரிடமும் காட்டாத ஒரு மரியாதையோடு சொன்னார்:

"வாங்க."

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.